கால அட்டவணை அச்சாகும் முன்பே

சென்னையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் நான், கடந்த ஐந்து ஆண்டுகளாக எங்கள் சம வாய்ப்பு மையத்தின் பொறுப்பையும் கவனித்து வருகிறேன். பட்டியலின மாணவர்கள், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், திருநம்பியர், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் என்று பலருக்காகவும் இயங்க வேண்டிய மையம் இது. ஆண்டறிக்கையில் நாங்கள் நடத்திய கருத்தரங்குகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். எந்த மாணவர் எதற்காக வந்து நின்றார், அவர் வந்து நிற்க வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியே முக்கியமானது என்பதை ஒரு மாணவியிடமிருந்துதான் நான் கற்றேன்.

அவர் பார்வையற்றவர், அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தார். தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைப் ஒருவரை வைத்துக்கொள்ளவும், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். காலை 10 மணிக்குத் தொடங்கும் தேர்வு மற்றவர்களுக்கு 1 மணிக்கு முடியும், அவருக்கு 2 மணிக்கு முடியும். பிற்பகல் தேர்வு தொடங்குவதும் 2 மணிக்குத்தான். அன்று பிற்பகலில் அவருக்கு ஓர் அரியர் தாள் இருந்தது. விதியின்படி எல்லா உரிமைகளையும் நாங்கள் கொடுத்திருந்தோம். ஆனால் அந்த உரிமைகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் காலை 10 முதல் மாலை 6 வரை இடைவெளியே இல்லாமல் அவர் உட்கார வேண்டும் என்பதை நான் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தாளைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தவர், என்னிடம் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "மேடம், எனக்காக எழுதுற அக்காவும் காலையிலிருந்து சாப்பிடலை" என்றுதான் சொன்னார்.

அந்தத் தாளை அவர் அடுத்த பருவத்தில்தான் எழுத முடிந்தது. இழந்த அந்த ஆறு மாதத்துக்கு நானும் பொறுப்பு என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். வினாத்தாள் உறையைக் குறித்த நேரத்துக்கு முன் பிரிக்க முடியாது என்பதால், அவருக்கு மட்டும் காலையில் முன்கூட்டித் தொடங்கும் வழியும் இல்லை. ஆகவே, கால அட்டவணை தயாராவதற்கு முன்பே பட்டியலைக் கொடுத்துவிடுவதுதான் ஒரே வழி. இப்போது ஒவ்வொரு பருவத்திலும், தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்திலேயே, கூடுதல் நேரம் பெறும் ஒவ்வொருவரின் நடப்புத் தாள்களையும் அரியர் தாள்களையும் எழுதித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கொடுத்துவிடுகிறேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஸ்கிரைப்பைச் சந்திக்க மாணவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதே நெறிமுறைகள் சொல்வதையும் நாங்கள் இப்போது தவறாமல் பின்பற்றுகிறோம். கணக்குப் பதிவியல் கற்பிப்பவள் என்ற முறையில் இதன் அருமை எனக்குத் தெரியும்: மாணவி சரியாகச் சொன்னாலும், பேரேட்டில் எது பற்றுப் பக்கம், எது வரவுப் பக்கம் என்று எழுதுபவருக்குப் புரியாவிட்டால் இருப்புநிலைக் குறிப்பு ஒருபோதும் சமன் ஆகாது.

40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு உடையவர்களின் நிலை வேறு. எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் ஒரு மாணவர், சான்றிதழில் போதிய விழுக்காடு இல்லை என்று சொல்லி இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு என்னிடம் வந்தார். ஸ்கிரைப் கேட்டு விகாஷ் குமார் என்ற தேர்வர் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் வந்த நெறிமுறைகளும், எழுதுவதில் சிரமம் இருப்பதை மருத்துவர் சான்றளித்தால் 40 விழுக்காடு இல்லாதவருக்கும் ஸ்கிரைப் உண்டு என்கின்றன. அந்த நெறிமுறைகளை அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்களைப் பற்றி யாரும் சொல்லாததால் அவர் மூன்று பருவங்களைக் கடுமையான வலியோடு எழுதியிருக்கிறார்.

சாதி சார்ந்த புறக்கணிப்பைப் பற்றி எழுத்துப்பூர்வமான புகார் எங்களுக்கு அரிதாகவே வருகிறது. வராததால் அது நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை. ஒருமுறை முதலாண்டு மாணவர் ஒருவர், உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தபோது, வகுப்பில் தங்களை எழுந்து நிற்கச் சொன்னதைப் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்லிப் பெயர்களைச் சரிபார்த்திருக்கிறார்கள். செய்தவருக்குத் தீய நோக்கம் இருந்திருக்காது. அலுவலகம் அவசரமாகப் பட்டியல் கேட்டிருக்கும். ஆனால் எழுந்து நின்ற பதினோரு பேருக்கும், உட்கார்ந்தபடி அவர்களைத் திரும்பிப் பார்த்த மற்றவர்களுக்கும் இடையில் அன்று ஒரு கோடு விழுந்துவிட்டது. வகுப்பறையில் மாணவரின் சாதியை அறிவிப்பதையும், ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவதையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள் பாகுபாடாகவே வகைப்படுத்தித் தடை செய்கின்றன. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையம் இருக்க வேண்டும் என்று சொன்ன அதே விதிமுறைகள்தான் அவை. அப்பகுதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு துறைக்கும் அனுப்பினோம். இப்போது உதவித்தொகைத் தகவல் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகக் கைப்பேசிக்கே செல்கிறது.

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடும் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் பல பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டன. அதற்காக உழைத்த தலைமுறைகளுக்கு நான் நன்றி உடையவள்; என் தாயார் பள்ளியைத் தாண்டிப் படித்ததில்லை. வாசலுக்கு உள்ளே நடப்பதுதான் எங்கள் பொறுப்பு. அங்கே தடையாக இருப்பவை பெரும்பாலும் மிகச் சிறியவை: ஆங்கிலத்தில் மட்டுமே உள்ள ஒரு படிவம், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடித் தேர்வறை, தான் வைத்துக்கொண்ட பெயர் இருக்க வருகைப் பதிவேட்டின் பழைய பெயரால் தினமும் அழைக்கப்படும் ஒரு திருநங்கை மாணவி. கடைசியாகச் சொன்னதற்கு ஆசிரியரின் வாய் போதும், அரசாணை தேவையில்லை.

அந்தப் பார்வையற்ற மாணவி இப்போது எம்.காம். படிக்கிறார். நவம்பர் தேர்வுக்கான பட்டியலை இந்த வாரம் அவரே என் அருகில் அமர்ந்து திரைவாசிப்பு மென்பொருளின் உதவியோடு சரிபார்த்துக் கொடுத்தார். மொத்தம் பதினேழு பெயர்கள். அவர்களில் இருவருக்கு ஒரே நாளில் இரண்டு தாள்கள் வருவதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அட்டவணை அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.