மூன்று கோணங்களின் கூடுதல் 179.99

பள்ளிக்குக் கணினிகள் வந்து இறங்கியதும் நடக்கும் முதல் வேலை, அவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது. வரிசை எண், ஒப்படைத்த நாள், பொறுப்பாளர் கையொப்பம். கையொப்பம் போட்ட ஆசிரியர் அன்றிலிருந்து அந்தப் பொருள்களுக்குக் காவலாகிவிடுகிறார். ஒரு மவுஸ் காணாமல் போனாலும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான். ஆண்டு முழுவதும் கணினியறை திறக்கப்படவே இல்லை என்றால் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கணித ஆசிரியராகப் பணியைத் தொடங்கி, கணினியறைப் பொறுப்பாளராகி, பிறகு சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு வந்தவன் நான். இவ்வளவு செலவில் வாங்கிய கருவிகள் ஏன் உறை போட்டுக் கிடக்கின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் விடை அந்தப் பதிவேட்டில் இருந்தது. ஆசிரியர்கள் புதுமைக்கு அஞ்சுகிறார்கள் என்று மேடைகளில் பேசுவார்கள். நான் பழகிய ஆசிரியர்கள் அஞ்சியது, பழுதானால் யார் பதில் சொல்வது என்பதற்குத்தான்.

அதனால் நாங்கள் செய்த முதல் மாற்றம் எந்த மென்பொருளும் அல்ல. புழக்கத்தில் ஏற்படும் தேய்மானத்துக்கும் பழுதுக்கும் ஆசிரியரைப் பொறுப்பாக்குவதில்லை என்று தலைமையாசிரியர் எழுத்திலேயே தந்தார். அதற்குப் பிறகுதான் மற்ற பாட ஆசிரியர்கள் சாவி கேட்டு வரத் தொடங்கினார்கள்.

கருவி வந்தால் கல்வி மாறிவிடும் என்ற நம்பிக்கை பழையது. 1913-லேயே தாமஸ் எடிசன், அசையும் படங்கள் வந்துவிட்டதால் பள்ளிகளில் புத்தகங்களுக்கு விரைவில் வேலை இருக்காது என்று சொன்னார். வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இதே பேச்சுத்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டம் 2005-இல் அறிவிக்கப்பட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதைப் பெரிய அளவில் ஏற்ற நாடு பெரு. அங்குள்ள கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது பலன் தெரிந்தது. கருவிகளை அந்தத் திட்டம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வகுப்பறையில் அவற்றை வைத்து எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்ற வேலை பின்தங்கிவிட்டது. ஆளுக்கொரு கருவி வாங்கலாமா என்று கேட்டு வரும் நிர்வாகிகளிடம் நான் பெருவின் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் நான் எதை எதிர்பார்க்கிறேன் என்பது விளங்கும். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். ஆசிரியர் சொன்னால் சரிதானே! அதனால் இதற்கு நிரூபணம் எதற்கு என்பதே அவர்களுக்குப் புரிவதில்லை. தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். நான் அந்தப் பாடத்துக்கு ஜியோஜீப்ராவை எடுத்தேன். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய மென்பொருள் அது; காசில்லாமல் கிடைக்கிறது. முக்கோணம் வரைந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோண அளவுகள் உடனுக்குடன் மாறும். ஒவ்வொரு குழுவும் தன் முக்கோணத்தை இழுத்து நிறுத்தி, மூன்று அளவுகளையும் தாளில் எழுதிக் கூட்ட வேண்டும் என்றேன்.

ஒரு மாணவி எழுந்து நின்றாள். அவள் தாளில் இருந்தவை 35.26, 71.33, 73.40. கூட்டினால் 179.99.

“சார், கணினி தப்பா, புத்தகம் தப்பா?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கணினி தப்புச் செய்யாது என்றார்கள் சிலர். இன்னொரு குழுவுக்கு 180.01 வந்திருந்தது. அமைப்புகளுக்குள் போய்த் தசம இடங்களை ஐந்தாக்கினான் ஒருவன். வேறுபாடு சுருங்கியது, ஆனால் சில முக்கோணங்களில் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ நின்றது. ஒவ்வொரு கோணத்தையும் கணினி தனித்தனியே முழுமையாக்கிக் காட்டுகிறது, அந்தச் சிறு துணுக்குகள் கூட்டும்போது வெளியே தெரிகின்றன என்பதை அவர்களே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் சரியாக 180 தான் என்று எப்படித் தெரியும்? எத்தனை முறை அளந்தாலும் தெரியாது. அந்த இடத்தில் திரையை அணைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்தேன். உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். அந்த உச்சியில் மூன்று கோணங்களும் ஒரே நேர்க்கோட்டில் வந்து அமர்ந்துவிடுகின்றன. நிரூபணத்தைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிய வகுப்பு அது. கணினி அந்த வகுப்பில் விடை சொல்லவில்லை, கேள்வியைக் கிளப்பியது. நான் கேட்பது இவ்வளவுதான்: பிள்ளைகள் ஆண்டுதோறும் இடறி விழும் இடம் எது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கருவி அந்த இடத்துக்கு வர வேண்டும்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் வாலி ஃபூர்சைக்கும் சிந்தியா சாலமனும் சேர்ந்து குழந்தைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கியபோது, குழந்தை கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கொள்கை. லோகோவில், இடும் கட்டளைப்படி திரையில் நகர்ந்து கோடு வரையும் ஆமையை வைத்து முக்கோணம் வரையச் சொன்னால், சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்த பிள்ளைகள் எல்லோரும் 60 பாகை திரும்பச் சொல்வார்கள். ஆமை பாதி அறுகோணத்தை வரைந்துவிட்டு நிற்கும். உடனே விடையைச் சொல்லிவிடாமல், எழுந்து தரையில் நடந்து பார்க்கச் சொல்வேன். முனைக்கு வந்ததும் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று கவனித்தால் 120 தானாக வரும். வெளிக்கோணம் என்பதைப் படத்தில் காட்டி நான் பட்ட பாட்டில் பாதிகூட இதில் இல்லை.

எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவரலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஊசல் சோதனையைத் திரையில் நடத்த மறுத்துவிட்டார். நூலும் கல்லும் கையில் இருக்கும்போது அதன் படம் எதற்கு என்றார். முற்றிலும் சரி. அதே மனிதர், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற திரைச் சோதனைகளை வாயு மூலக்கூறுகளின் இயக்கத்துக்கு விரும்பி எடுத்துக்கொண்டார். கண்ணால் காண முடியாதது அது. மொழியாசிரியை ஒருவருக்கு வேறு தேவை. பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டினார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ழகரம் வழுக்கியது என்று அவர் சுட்ட வேண்டியிருக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்ட பிள்ளை மறுபடி வாசிக்க அனுமதி கேட்டது. கணினி எனக்கு வராது என்று ஒதுங்கியிருந்தவர் அவர். அந்த ஒரு பொத்தானைத் தாண்டி வேறெதையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை, கற்க வேண்டிய தேவையும் இல்லை.

கணினியறையில் நான் மிகவும் கவனித்தது மவுஸ் யார் கையில் இருக்கிறது என்பதை. ஒரு கணினிக்கு மூவர் உட்கார்ந்தால், வீட்டில் ஏற்கெனவே பழகிய பிள்ளைதான் அதைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இருவரும் பார்வையாளர்கள். வீட்டில் கருவி இல்லாத பிள்ளை பள்ளியிலும் அதைத் தொடாமலே வகுப்பை முடித்துவிடும். வெளியே இருக்கும் ஏற்றத்தாழ்வை நாமே அறைக்குள் அழைத்துவந்து உட்கார வைத்ததாகிவிடும். மவுஸ் வைத்திருப்பவர் தன் யோசனைப்படி எதையும் செய்யக்கூடாது, அருகில் இருப்பவர் வாயால் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும், சொல்பவர் கருவியைத் தொடக்கூடாது என்று விதி வைத்தோம். சிறிது நேரத்தில் இடம் மாற வேண்டும். வாய் திறக்காத பிள்ளைகளும் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு கட்டுரைப் பயிற்சிகள் திடீரென்று பிழையின்றி வரத் தொடங்கின. தடை போடச் சொன்ன பெற்றோரும் உண்டு, இனி எழுதவே கற்பிக்க வேண்டாம் என்றவர்களும் உண்டு. வகுப்பறையில் இதைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தது 13 வயதாவது வரம்பாக இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. வயது வரம்பு நல்லதுதான். ஆனால் மேல் வகுப்புகளில் என்ன செய்வது? அது தரும் விடையை எல்லோர் முன்னும் வைத்து, வரிவரியாக இது சரியென்று எப்படித் தெரியும் என்று கேட்கிறோம். தவறான படியையும் சரியான படியையும் அது ஒரே உறுதியோடு சொல்லும். 179.99-ஐ நம்பாமல் எழுந்து நின்ற பிள்ளைக்கு இந்தப் பழக்கம் எளிதாக வருகிறது.

பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களிடம், ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகும் ஒரு பாடத்தோடு வாருங்கள் என்கிறேன். காலை முழுவதும் கணினியைத் திறப்பதில்லை. அந்தப் பாடத்தைப் பற்றியே பேசுகிறோம். இதற்குக் கருவி வேண்டாம், வேறு உதாரணம் போதும் என்று முடிவெடுத்துப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் அந்த நாள் பயன்பட்டதாகவே நினைக்கிறேன். அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்கும் தலைமையாசிரியர்களிடம், வாங்குவதற்கு முன்பு இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரே பாடவேளையை ஓய்வாகக் கொடுங்கள் என்று கேட்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் மாணவர் இருக்கையில் அமர்ந்து, அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தாங்களே செய்து பார்த்துவிட வேண்டும்.