கட்டத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

செங்கோட்டை, பிப்ரவரி 3, 2025, திங்கள்

மாதவிடாயின் முதல் நாள். விடியற்காலையில் புளியரைச் சாலையில் 8 கிலோமீட்டர் ஓடி முடிக்க 52 நிமிடம் ஆயிற்று. சென்ற வாரம் இதே தூரத்துக்கு 50 நிமிடம்தான். கேரளத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரிகள் சோதனைச் சாவடிக்கு முன்னால் வரிசை கட்டி நின்றதால் சாலையோரத்து மண்ணில் இறங்கி ஓட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் அந்த 2 நிமிடத்தையும் மாதவிடாயின் தலையில் கட்டிவிடுவேன்.

முதல் கிலோமீட்டர் முழுக்க அடிவயிறு பிசைந்துகொண்டே இருந்தது. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்தான் கருப்பைத் தசையை இறுக்குகிறது. அது கூடுதலாகச் சுரப்பவர்களுக்கு வலியோடு குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவதுண்டு. ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. ஆகவே வலி உச்சத்துக்குப் போன பிறகு விழுங்குவதைவிட, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தொடக்கத்திலேயே சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்வதுதான் பயன் தரும். எனக்கு இன்று மாத்திரை தேவைப்படவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில், வயல்வெளி திறந்து கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில், வலி தளர்ந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

வாரம் இருமுறை பண்பொழி திருமலைக் கோவில் படிகளில் ஏறிப் பயிற்சி செய்வது என் வழக்கம். இந்த நாட்களில் மட்டும் போவதில்லை. அப்போது கோவிலுக்குப் போவதில் அத்தைக்கு மனம் ஒப்பாது, நானும் அவர் மனம் நோக நடக்க விரும்பியதில்லை. ஆனால் நேற்றிரவு பழைய பக்கங்களைப் புரட்டியபோது, கடந்த நான்கு மாதங்களில் முதல் மூன்று நாட்களுக்குரிய படியேற்றக் குறிப்பு ஒன்றுகூட இல்லை என்பது கண்ணில் பட்டது. அந்த நாட்களில் கால் ஓய்ந்துவிடும் என்று இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். ஏறிப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியையாகிய நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்று மாலை பள்ளி மாடிப்படியில் 12 முறை ஏறி இறங்கினேன். கால் ஓயவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஏறும்போது தெரியாதது இன்று தெரிகிறது: தொடையில் கை வைத்து அழுத்தினால் வலிக்கிறது, கீழே உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழ முடிகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண் ஹார்மோன்கள் மிகக் குறைந்திருக்கும் இந்தத் தொடக்க நாட்களில், கடும் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்று ஆய்வுகளில் படித்திருக்கிறேன். ஆனால் மாடிப்படி எனக்குப் புதிது. புதிய பயிற்சி எந்த நாளில் செய்தாலும் வலிக்கும். அடுத்த மாதமும் இதையே செய்து பார்த்துத்தான் எதையும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

பத்தாம் நாள். 8 கிலோமீட்டர், 49 நிமிடம். மூச்சு இலகுவாக இருந்தது. நேற்றிரவு முழுதாக 8 மணி நேரம் தூங்கியும் இருந்தேன்.

மாதவிடாய்ச் சுழற்சியும் விளையாட்டுத் திறனும் பற்றிய 78 ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. மாதவிடாயின் முதல் சில நாட்களில் திறன் மிக மிகச் சிறிதளவு குறையக்கூடும், ஆனால் ஆய்வுகளில் பலவற்றின் தரம் போதாது, ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது, ஆகையால் எல்லோருக்கும் பொதுவான விதி வகுக்க முடியாது, அவரவரைத் தனித்தனியே கவனிக்க வேண்டும் என்பதே அதன் முடிவு. இந்த வாரம் கனமாகத் தூக்கு, அடுத்த வாரம் யோகா செய் என்று நாட்காட்டி போட்டுத் தரும் கைப்பேசிச் செயலிகளைப் பிள்ளைகள் காட்டும்போது நான் இதைத்தான் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் ஓட்டக்காரர் பாலா ராட்கிளிஃப் 2002-இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 17 நிமிடம் 18 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தது மாதவிடாய் வலியோடுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பெற்றபின், அது தமக்கு மூன்றாம் நாள் என்றும் உடலில் தளர்ச்சி இருந்தது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டுமே உண்மை. ஒருவரைக் காட்டி இன்னொருவரை நோக்கி ‘உனக்கு ஏன் முடியவில்லை’ என்று கேட்பது கொடுமை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இதை அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறாள். பயிற்சிக் குறிப்பேட்டில் மாதவிடாய் வந்த நாளின் கட்டத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும்படி எல்லாப் பெண்களிடமும் சொல்லியிருந்தேன். அவள் ஏட்டில் அக்டோபருக்குப் பிறகு புள்ளியே இல்லை. மறந்துவிட்டாயா என்று கேட்டதற்கு, “இல்ல டீச்சர், நாலு மாசமா அந்தத் தொல்லையே இல்ல, ஓட நல்லதுதானே” என்று சிரித்தாள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு மாதமாக வலி இருப்பதையும் அதே சிரிப்போடு சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சி 45 நாள் வரை நீள்வது இயல்பு. ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் மருத்துவரிடம் போயாக வேண்டும். ஓடும் ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது, மூளை கருமுட்டைப் பைக்கு அனுப்பும் தூண்டலைக் குறைத்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில் மெலிகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு ரெட்-எஸ், அதாவது விளையாட்டில் வரும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு, என்று பெயர் வைத்தது. பையன்களுக்கும் இந்த ஆற்றல் குறைபாடு வரும் என்றாலும், பெண்களுக்கு நின்றுபோன மாதவிடாயே முன்கூட்டிய அறிவிப்பாக இருக்கிறது. அதைத் தொல்லை ஒழிந்தது என்று வாழ்த்தி அனுப்புகிறோம்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். ஒரு கட்டங்காப்பி, இரண்டு பிஸ்கட். மதியம்? போன ஆண்டு வரை சத்துணவு இருந்தது, முட்டையும் இருந்தது. அது பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அம்மா பீடி சுற்றுகிறார். விடிந்ததும் பீடித் தட்டோடு உட்கார்ந்துவிடுவதால் சமையல் பெரும்பாலும் இரவில்தான். மாலையில் வீட்டுக்குப் போனேன். “வயசுப் பிள்ளைக்கு முன்னப்பின்ன இருக்கும்னு விட்டுட்டேன் டீச்சர்” என்றவரின் விரல்கள் இலையைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, “சடங்கான புதுசுல உளுந்தங்களி கிண்டிக் குடுத்தேன், அதோட சரி” என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை நாள். குழாயடித் தொட்டியின் ஓரத்தில் நீலச் சாயம் கரைந்து வழிந்திருந்தது. அருகே போய்ப் பார்த்தால் பாதி கரைந்த மூன்று மாத்திரைகள். திட்டவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டத்தான் செய்யும். சாப்பிட்ட பின் விழுங்குங்கள், உடனே டீ குடிக்காதீர்கள், ஒரு நெல்லிக்காய் தின்றால் இரும்பு நன்றாகச் சேரும் என்று சொன்னேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு, கேரளத்தில் 36.3 விழுக்காடு. எல்லையிலுள்ள கோட்டைவாசலைத் தாண்டினால் இத்தனை வேறுபாடு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் பிராணவாயு குறைகிறது. மாதந்தோறும் 80 மில்லிக்கு மேல் இரத்தம் போகிறவர்களுக்கு இந்தக் குறைவு விரைந்து வரும். சோம்பேறி என்று நாம் வரிசையின் பின்னால் நிறுத்தும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் இரத்தம் போதவில்லையோ.

பிப்ரவரி 24, திங்கள்

இருபத்திரண்டாம் நாள். எழுந்ததும் பார்த்த உடல் வெப்பம் 36.7, பத்தாம் நாள் 36.3 ஆக இருந்தது. கருமுட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் உடல் வெப்பத்தை இப்படி ஏற்றிவைக்கிறது, வியர்க்கத் தொடங்குவதும் சற்றுத் தாமதிக்கிறது. மாலை நான்கு மணி வெயிலில் பிள்ளைகளோடு ஓடியபோது, அதே வேகத்தில் நாடித்துடிப்பு 8 கூடுதலாக இருந்தது. வேகத்தைக் குறைத்தேன், தண்ணீர் கூடுதலாகக் குடித்தேன். இது பலவீனம் அல்ல. ஏற்கெனவே சூடேறிய உடலோடு வெயிலில் இறங்குகிறோம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 28, வெள்ளி

தென்காசியில் மருத்துவரிடம் மூவரும் போனோம். ஹீமோகுளோபின் 10.2, இருக்க வேண்டியது குறைந்தது 12. தைராய்டு சரியாக இருக்கிறது. முன்னெலும்பில் முறிவு இல்லை. சுழற்சியை வரவழைக்க மாத்திரை கொடுத்துவிடுவாரோ என்று அஞ்சியிருந்தேன். அவர் அதைத் தரவில்லை. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் சாப்பாடு, ஆறு வாரம் பாதி ஓட்டம், பிறகு பார்ப்போம் என்றார். மண்டலப் போட்டி போய்விடுமே என்று பேருந்தில் அழுதாள். அவள் அம்மா அவள் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மார்ச் 3, திங்கள்

28 நாள் கழித்து எனக்கு மீண்டும் முதல் நாள். லாரி நெரிசல் இல்லை. 8 கிலோமீட்டருக்கு 50 நிமிடம். மறுநாளைக்கு மறுநாள் மாடிப்படி.

அவள் இன்று 4 சுற்று மட்டும் மெதுவாக ஓடினாள். ஓடுவதற்கு முன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள்: ஓர் உருண்டை உளுந்தங்களி, நடுவே குழித்து ஊற்றிய நல்லெண்ணெய், ஓரத்தில் அவித்த முட்டை. கட்டத்தில் இன்னும் புள்ளி இல்லை.