உப்புப் பாத்திகளைப் பறவைகளுக்கு விடுவது பற்றி

திருகோணமலையில் நிலாவெளிச் சாலைக்கு மேற்கே, களப்பை ஒட்டி, முன்பு உப்பு விளைந்த அரச காணித் துண்டு ஒன்று நெடுங்காலமாக எவருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. அதைப் பறவைகள் சரணாலயமாக்கலாம் என்ற யோசனை ஊரில் எழுந்தபோது, நீர்ப்பாசன வேலையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் என்னையும் ஆலோசனைக்கு அழைத்தார்கள். அங்கே காட்டப்பட்ட வரைபடத்தில் நிழல் மரங்கள், கல் பதித்த நடைபாதை, சீமெந்து இருக்கைகள், இரவு விளக்குகள் எல்லாம் இருந்தன. எந்தப் பாத்தியில் எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிற்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் எங்கும் இல்லை.

பறவைகளைப் பொறுத்தவரை அதுதான் முதற் கணக்கு. சின்னஞ்சிறு உள்ளான்கள் சேற்றின் மேல் விரலளவு நீர் இருந்தால்தான் இரை தேட முடியும். செந்நிறக் கால்களையுடைய நெடுங்கால் உள்ளான் கணுக்காலுக்கு மேல் நீர் ஏறினாலும் நின்று மேயும். பூநாரைக்கு அதைவிட ஆழமான உவர்நீரும், கூழைக்கடாவுக்கு மீன் ஓடும் நீரும் வேண்டும். ஆகவே ஒரே மட்டத்தில் வெட்டி நிரப்பிய குளம் பார்வைக்கு அழகாக இருக்கலாம், ஆனால் அதில் ஓரிரண்டு வகைப் பறவைகளுக்கே இடமிருக்கும். கைவிடப்பட்ட உப்பளத்தின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. கடல்நீரை முதலில் தேக்கும் ஆழமான பாத்தி, அதை வெயிலில் காய்ச்சி அடர்த்தியாக்கும் நடுத்தரப் பாத்திகள், இறுதியில் உப்பு படியும் ஆழமற்ற பாத்திகள் என்று உப்புக்காரர்கள் படிப்படியாக அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று அப்படியொன்றைப் புதிதாக வெட்டுவதென்றால் பெருஞ்செலவாகும். நாமோ இருப்பதை மண் போட்டு மட்டமாக்கப் பார்க்கிறோம்.

அடுத்தது காலக் கணக்கு. வடக்கே ஆசியாவின் குளிர் நாடுகளிலிருந்து புறப்படும் கரைப்பறவைகள் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நம் கரையை அடையத் தொடங்கி ஏப்ரல் அளவில் திரும்புகின்றன. திருகோணமலையிலோ அவை வந்து சேரும் வேளையில் கச்சான் காற்றில் நிலம் வெடித்துக் கிடக்கும். ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவமழை இறங்கினால் பாத்திகள் ஒரேயடியாக நிரம்பி வழியும். மாரி ஓய்ந்த பின் ஜனவரி முதல் மார்ச் வரை நீரைச் சிறிது சிறிதாக வடிய விட்டால், ஒவ்வொரு வாரமும் ஓரத்தில் புதிய சேறு வெளிப்படும், அதிலுள்ள புழுவும் பூச்சியும் நீண்ட பயணத்துக்கு முன் அப்பறவைகளுக்குக் கிடைக்கும். விவசாயி குளம் நிரம்பியிருக்க விரும்புவான். உள்ளானோ குளம் வற்றிக்கொண்டிருப்பதை விரும்பும். இத்தனை காலம் முதலாவது தரப்புக்காக மதகு திறந்து மூடிய எனக்கு, இரண்டாவது தரப்பின் நியாயம் பிடிபடச் சற்றுக் காலம் எடுத்தது.

கோடையில் காய்ந்த பாத்தியையும் வெறும் தரை என்று எண்ணிவிடக் கூடாது. சிறு ஆலாவும் நெடுங்கால் உள்ளானும் கூடென்று சொல்லத்தக்க எதையும் பெரிதாகக் கட்டாமல், மண்ணின் நிறத்திலேயே புள்ளியிட்ட முட்டைகளைத் திறந்த தரையில் இடுகின்றன. அங்கே கட்டாக்காலி நாய்கள் திரிவதும், இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகுவதும் பெருங்கேடு. மரம் நடுவதை நான் எதிர்த்ததற்கும் இதுவே காரணம்: பாத்தி வரம்பில் மரம் உயர்ந்தால் காகம் அதில் அமர்ந்து முட்டையைக் கண்டுகொள்ளும். களப்போரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடலாமே என்றும் ஒருவர் கேட்டார். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையோரத்தில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. கண்டலுக்குரிய நீரோட்டமும் தரைமட்டமும் இல்லாத இடத்தில் அதை நடுவது நாற்றுக்கும் நல்லதல்ல, சேற்றுவெளிக்கும் நல்லதல்ல.

எனினும் எல்லாவற்றையும்விடக் கடினமானது காணிப் பிரச்சினைதான். ஓர் இடத்தைச் சரணாலயமாக அரசு அறிவிப்பது வர்த்தமானி மூலம்தான்; அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் மாவட்டத்து மக்கள் அஞ்சுவதற்கு அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. “கெசட் அடிச்சா எங்கட மாட்டை எங்க சேர் விடுறது?” என்று கூட்டத்தில் ஒரு மாட்டுக்காரர் எழுந்து கேட்டார். தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய பூங்காவும் சரணாலயமும் ஒன்றல்ல. பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டின்றி நுழைய முடியாது, சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணிகூட இருக்கலாம், ஆனால் வேட்டையாடுவதும் முட்டையெடுப்பதும் எவருக்கும் குற்றம். இதை விளக்கிய பிறகும் அவர் முகம் முழுதாகத் தெளியவில்லை. எல்லையை வரைவதற்கு முன்னரே மாட்டுக்காரரையும் களப்பில் இறால் பிடிப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால் அந்தக் கேள்வி கூட்டம் வரை வந்திருக்காது.

அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்குப் புறாமலையை நாம் அருகிலேயே வைத்திருக்கிறோம். பிரித்தானியர் காலத்தில் சுடும் பயிற்சிக்குப் பயன்பட்ட அந்தத் தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசிய பூங்காவானது. தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் இன்றும் இருக்கின்றன என்றாலும், விடுமுறை நாட்களில் படகு படகாக இறங்கும் கூட்டத்தையும் அவர்கள் காலில் மிதிபடும் பவளப்பாறைகளையும் பார்ப்பவர்கள், இருக்கையும் விளக்கும் போட்டு ஆட்களை அழைப்பதற்கு முன் சற்று யோசிப்பார்கள். பார்வையாளர் வரட்டும், ஆனால் சாலையோரத்தில் ஒரு மறைப்பின் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கருத்து.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். ஆழமான பாத்தியின் கிழக்கு வரம்பு உடைந்திருக்கிறது. அதை மண்ணிட்டு அடைத்து, நீர்மட்டத்தை விரும்பியவாறு குறைக்கக் கூடிய பலகை மதகு ஒன்றை மாரிக்கு முன் பொருத்த வேண்டும். மாடுகள் களப்புக்கு இறங்க மேற்கு வரம்போடு ஒரு பாதை விடுவதற்குக் கூட்டத்தில் இணக்கம் காணப்பட்டது. திருத்திய வரைபடத்தில் அந்தப் பாதை இருக்கிறது, மதகு இருக்கிறது, விளக்குகள் இல்லை. சீமெந்து இருக்கைகள் இரண்டு மட்டும் இன்னும் பிடிவாதமாக இருக்கின்றன.