பிப்ரவரிக்கு முன்

ஜனவரி 11, ஞாயிறு
ஆய்வகம் போய் வளர்ப்பூடகம் மாற்றிவிட்டு வந்தேன். சீஹா என்னும் கருப்பை வாய்ப் புற்றுச் செல்களின் குடுவையில் இளஞ்சிவப்பு மங்கி மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. நாளை வரை விட்டிருக்க முடியாது.

ஜனவரி 12
நல்கை முடிவு சொல்லும் மின்னஞ்சல் இல்லை.

ஜனவரி 15
பொங்கல். ஊருக்குப் போகவில்லை. அம்மாவிடம் மெல்லக் கேட்டேன், பெரியம்மாவுக்கு யாராவது வந்து சோதனை செய்தார்களா என்று. "நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பேச்சு எதற்கு?" என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 19
ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு நல்கைக்கு இந்த முறை 17,000 பேருக்கு மேல் விண்ணப்பித்திருக்கிறார்கள். போன முறை 10,000 சொச்சம். முனைவர் பட்டம் பெற்று 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். பாப்பாவுக்காக வேலையை விட்டிருந்த 14 மாதங்களைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால்தான் என்னால் நுழையவே முடிந்தது. அடுத்த செப்டம்பருக்கு அந்தக் கழிவும் போதாது. பத்துப் பக்கத்துக்குள் திட்டத்தை அடக்க வேண்டும் என்று எட்டு வாரம் எழுதி எழுதி அடித்தேன். அடித்த வரிகளில்தான் நல்லவை இருந்தனவோ என்று இப்போது தோன்றுகிறது. நெறியாளர் "நன்றாகவே வந்திருக்கிறது" என்றார். அந்த 'ஏ' எதற்கு?

ஜனவரி 22
2007இல் லான்செட்டில் வந்த திண்டுக்கல் ஆய்வை மறுபடி எடுத்தேன். எங்கள் மாவட்டத்தில் 114 பகுதிகள். குலுக்கிப் பிரித்து, 57இல் செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். கெட்ட இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். மற்ற 57இல் வழக்கமான மருத்துவம் மட்டும். சோதித்த பக்கம் கருப்பை வாய்ப் புற்றால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 30 முதல் 59 வயது வரை சேர்த்திருந்தார்கள். பெரியம்மா 2004இல் இறந்தபோது 46. கொல்லைக் கொடியில் தனியாகக் காய்ந்த அந்தப் பழந்துணிகள், எத்தனை முறை அலசியும் போகாத வாடை. எந்த 57?

ஜனவரி 23
இல்லை.

ஜனவரி 27
நல்கை கிடைத்தால் நான் போய்ச் சேர வேண்டிய ஹைடெல்பர்க் பேராசிரியர் எழுதியிருக்கிறார். முடிவு பற்றி அல்ல, ஈ6 என்னும் வைரஸ் புரதத்தை அடக்கினால், புற்றைத் தடுக்கும் பி53 புரதம் மீள்கிறதா என்ற என் ஆய்வுப் படத்தைப் பற்றி. மூன்று கேள்விகள், மூன்றும் சரியான கேள்விகள். இந்தப் புற்றை உண்டாக்கும் எச்பிவி 16 வைரஸை 1983இல் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசன் 20 ஆண்டுகள் தலைமை வகித்த புற்றுநோய் ஆராய்ச்சி மையம் அவருடையது. இரவு இரண்டு மணி வரை பதில் எழுதினேன். நெடுநாள் கழித்து மகிழ்ச்சியாக இருந்தேன்.

ஜனவரி 31
குடும்பத்தோடு போனால் மாதம் 660 யூரோ கூடுதல் படி. பாப்பா ஜெர்மனியில் காக்கை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன்.

பிப்ரவரி 3
அம்மா தானாகவே அழைத்தார். பால்வாடியில் திரை கட்டி, ஊறுகாய் போல் புளிப்பு வாடை அடிக்கும் தண்ணீரை வைத்துப் பார்த்தார்களாம். அம்மாவும் வரிசையில் நின்றிருக்கிறார். "எனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்." பெரியம்மா வாக்கப்பட்ட ஊர் ஆற்றுக்கு அக்கரை. அங்கே வந்தார்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்காவை இங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

பிப்ரவரி 5
நான்கு மணிக்கு ஊடகம் மாற்ற வேண்டும். கணினியை இன்னும் திறக்கவில்லை.