ஓராள், மூன்று கட்டம்

"அக்கா, நான் ஒராள்தானே. என்னத்துக்கு மூணு கட்டத்துல நிக்கன்?"

கமரா வேலைக்கு வந்த பிள்ளை அவள், கேட்டது இவ்வளவுதான். எங்கள் படப்பிடிப்புக்கு நிதி தருகிற நிறுவனத்தின் படிவம் என் மேசையில் விரித்தபடி கிடந்தது. பெண்கள், முஸ்லிம், 25 வயதுக்கு உட்பட்டோர். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுத வேண்டும். மூன்றிலும் அவள் பெயர் இருந்தது.

"அது காசு தாற ஆக்கள் கேட்கிற கணக்கு தங்கச்சி. உன்ட வேலைக்கும் அதுக்கும் ஒண்டுமில்ல" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி முடித்திருப்பேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது இன்னும் போகாமல் நிற்கிறது.

அவளுக்குச் சொன்ன பதில் அந்த நேரத்துக்குச் சொன்னது. அந்தக் கணக்குக்கும் அவள் வேலைக்கும் நிறையவே தொடர்பு இருக்கிறது. இந்தத் தொழிலில் ஆள் எடுப்பது எப்படி என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். விளம்பரம் கிடையாது, நேர்முகப் பரீட்சை கிடையாது. ஒளிப்பதிவாளர் தன் உதவியாளர்களைத் தானே கூட்டிக்கொண்டு வருவார். கமராவை வாடகைக்கு எடுத்தால் அதோடு ஓர் ஆளும் வருவார். லைட் வண்டியோடு லைட் பையன்கள். யாருக்காவது வர முடியாமல் போனால் அவர் தன் மச்சானுக்குத்தான் கோல் எடுப்பார். இந்த மச்சான்மார் எல்லாரும் இருப்பது கொழும்பில். அங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கிற எங்களுக்கு வந்து சேர்வது வாகனம் ஓட்டுவது, சாப்பாடு ஒழுங்கு பண்ணுவது, சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது. மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூரில் இருந்து வருகிற ஒரு பெண் பிள்ளை கமராவுக்குப் பக்கத்தில் போய் நிற்க அந்தப் படிவத்தைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுதினேன். திரும்பவும் எழுதுவேன்.

ஆனால் அவள் படிவத்தால் வந்த ஆள் இல்லை. இதைத்தான் நான் சரியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவள் கமரா பிடிக்கப் பழகியது கல்யாண வீடுகளில், பெண்கள் பக்கத்தில். ஆம்பிளைக் கமராக்காரர் அங்கே போக முடியாது, அதனால் எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண் கமராக்காரருக்கு நல்ல கிராக்கி. வெளிச்சம் போதாத அறை, நெருக்கியடிக்கிற சனம், பொண்ணு தலை நிமிர்கிற அந்த ஒரு நொடி. விட்டால் திரும்பக் கிடைக்காது. "இன்னொரு ரேக்" என்று கேட்க அங்கே ஆளில்லை. அப்படிப் பழகின கை அவளுடையது.

கொழும்பில் இருந்து வந்த ஒளிப்பதிவாளர் இதைக் கேட்டுவிட்டு, "ஆ, வெடிங்" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

வாவியில் தோணிக் காட்சி எடுத்தபோது போகஸ் பிடிக்க வேண்டிய பையனுக்குத் தலை சுற்றல் வந்துவிட்டது. கரையில் என்றால் நாடா பிடித்து அளந்து, நிலத்தில் டேப் ஒட்டி, போகஸ் வளையத்தில் பேனையால் அடையாளம் போட்டுவிடலாம். தண்ணீரில் எதை அளப்பது? நாங்கள் நின்ற தோணியும் ஆடுகிறது, வலை இழுக்கிற பெண்ணின் தோணியும் ஆடுகிறது. இவள் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வளையத்தைத் தொடவே இல்லை. வலை இழுப்பவரின் தோள் முன்னால் வருவதையும் பின்னால் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தத் தோளோடு சேர்ந்து விரலை உருட்டத் தொடங்கினாள், வருகைக்கு ஒரு பக்கம், போகைக்கு மறுபக்கம். மொனிட்டரில் அந்தப் பெண்ணின் கண் ஒருதரமும் மங்கலாகவில்லை.

ஒளிப்பதிவாளர் பாராட்டினார், அதை மறைக்கக் கூடாது. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம், "இவளை எடிட்டிங்குக்கு அனுப்புங்க. பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லம், உள்ளுக்க இருந்து செய்யலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குச் சிங்களப் பட இயக்குநர் சுமித்ரா பீரிஸ் நினைவுக்கு வந்தார். 1960இல் வெளிவந்த ஒரு படத்தில் உதவியாளராக வேலை செய்தவர், 1963இல் 'கம்பெரலிய' என்ற படத்துக்குப் படத்தொகுப்புச் செய்தவர். அவர் இயக்கிய முதல் படம் வந்தது 1978இல். தொகுப்பு மேசையில் இருந்து இயக்குநர் நாற்காலிக்கு 15 வருடம். அதை ஒளிப்பதிவாளரிடம் சொல்லவில்லை, படப்பிடிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

அவளுடைய வாப்பா முதல் நாளே என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மகளை எத்தின மணிக்குக் கொண்டந்து விடுவீங்க?" அந்தப் படப்பிடிப்பில் எனக்குச் சொல்லப் பதில் இருந்தது. வான் இருந்தது. பொழுதுபடுகிற நேரத்து மஃரிப் தொழுகைக்கு முன்னுக்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். கரையில் துணி மறைப்புக் கட்டி, தண்ணீர் வைத்த மலசலகூடம் இருந்தது. இது சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017இல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கையைப் பார்க்கலாம். 2019 கடைசியில் அரசிடம் கொடுத்து, 2024 ஓகஸ்டில்தான் வெளியே வந்த அறிக்கை. படப்பிடிப்பு இடங்களில் மலசலகூடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை அதில் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படிக் குடிக்காமல் இருந்தவள்தான். தொழிலில் அது வழமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வானுக்கும் மலசலகூடத்துக்கும் காசு வந்தது அந்தப் படிவத்தால். மூன்று கட்டத்தில் அவள் பெயர் இருந்ததால். இதை அன்றைக்கே அவளிடம் விளக்கிச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். "அப்ப சரி அக்கா" என்றிருக்கலாம். அல்லது, "அப்ப எனக்கு வான் தாறது என்ட வேலைக்கு இல்லையா?" என்றிருக்கலாம். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்து வந்த வேலை ஒரு தொலைக்காட்சி நாடகம். படிவம் இல்லை, யாரும் யாரையும் எண்ணவில்லை. நான் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். வாப்பாதான் பேசினார். வான் இல்லை, இரவு 9 மணியாகும் என்றேன். "அப்ப எப்பிடி மகள்?" என்றார். அவர் பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. அவளை விட அனுபவம் குறைந்த ஒரு பையனை எடுத்தேன். அவன் மோட்டார்சைக்கிளில் எந்த நேரமும் வீட்டுக்குப் போவான். வேலை நடக்க வேண்டும், வேறென்ன செய்ய? அவனும் குறை சொல்ல முடியாதபடி செய்தான். அவள் எண்ணப்படாத அந்த இடத்தில் அவள் இல்லாமலே போனாள் என்பதை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

படிவத்தை ஆதரித்து இவ்வளவு பேசினாலும், இன ரீதியாகப் பெயர் எழுதுவது எங்கள் ஊரில் லேசான காரியம் இல்லை. 1990இன் படுகொலைகளையும் 2019இன் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளையும் பார்த்த சனம் நாங்கள். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று ஒரு கடதாசியில் ஏறுவதை இங்கே யாரும் சும்மா பார்ப்பதில்லை. நிதி தருகிற இடத்தில் இருப்பவருக்கு அது ஒரு எண். அவள் அதைப் படித்தபோது என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

வெளியே இந்த எண்ணுகிற முறை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பிரித்தானியத் திரைப்படக் கழகம் 2014இலேயே பன்மைத்துவ நியமங்களைக் கொண்டுவந்தது. 2020இல் ஒஸ்கார் அகடமி அறிவித்து, 2024 விருதில் இருந்து சிறந்த படத்துக்குக் கட்டாயமாக்கிய விதிகளில், துறைத் தலைவர்களாக இருப்பவர்கள் யார் என்றும் கேட்கிற ஒரு வழி இருக்கிறது. எங்களுக்கு வருகிற படிவம் தலையைத்தான் எண்ணுகிறது. கமராவில் இருப்பவளும் சோற்றுப் பார்சல் கொடுப்பவளும் அதில் ஒன்று. எண்ணுவதென்றால் வேலையை எண்ணட்டும். வளையத்தில் யாருடைய விரல் என்று கேட்கட்டும். அப்படிக் கேட்டால் அவள் பெயரை எழுத எனக்கு இவ்வளவு யோசனை வராது என்று நினைக்கிறேன். வருமோ தெரியாது.

வானில் அவள் மட்டும் போகவில்லை. இருட்டினால் பஸ் இல்லாத வாகரைப் பக்கத்து லைட் பையன்கள் இரண்டு பேரும் அதில்தான் போனார்கள், இயக்குநரும் போனார். ஆகவே இப்போது கையில் இருக்கிற புதுப் படப்பிடிப்பின் செலவுத் திட்டத்தில் வானையும் மலசலகூடத்தையும் சாப்பாட்டுக்குக் கீழே, பொதுச் செலவில் போட்டிருக்கிறேன். கணக்குப் பார்க்கிற அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் தங்கச்சி, பெண்களுக்கான வசதி எண்டு போட்டா ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்கள். பொதுவில போட்டா முதல் வெட்டு இதுக்குத்தான்" என்றார். அனுபவத்தில் சொல்கிறார், போன வருடம் அப்படித்தான் வெட்டினார்கள். இருந்தும் நான் மாற்றவில்லை. வானை வெட்டினால் பின்னேரம் 5 மணிக்குப் படப்பிடிப்பை நிறுத்துவேன் என்று இயக்குநரிடம் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம் என்கிறார். அவளுடைய வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு நேரம் சொல்ல வேண்டும்.