ஒரே பெயரில் மூன்று பதிப்பு: கணினி எதை எடுக்கும்?

ஒரு மென்பொருளின் இரண்டு பதிப்புகளை ஒரே கணினியில் நிறுவுவது பெரிய வேலை இல்லை. தனித்தனி ஃபோல்டரில் வைத்தால் நிரல் கோப்புகள் ஒன்றையொன்று தொடாது. இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும் இடங்களில்தான் சிக்கல் முளைக்கிறது: கூப்பிடும் பெயர், அமைப்புகளும் தரவும் இருக்கும் ஃபோல்டர், மற்ற நிரல்கள் தொடர்புகொள்ளும் போர்ட் எண். எந்தப் பதிப்புக்கு எது என்று இவற்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

பெயரில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில், பைதான் மொழியை இயக்க ‘பைதான்3’ என்று அடித்ததும், கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல், ‘பாத்’ என்ற மாறியில் உள்ள ஃபோல்டர்களை இடமிருந்து வலமாகத் தேடும். முதலில் கிடைத்ததை இயக்கும், மீதியைத் திரும்பியும் பார்க்காது. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் ‘டைப் -ஏ பைதான்3’ என்று கேளுங்கள். அந்தப் பெயரில் இருக்கும் எல்லாமே, தேடும் வரிசையில் வரும். விண்டோஸில் இதே வேலைக்கு ‘வேர்’ கட்டளை. பவர்ஷெல்லில் அந்தப் பெயர் வேறொன்றைக் குறிப்பதால், அங்கே ‘வேர்.எக்ஸி’ என்று முழுதாக அடிக்க வேண்டும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. பாஷ் ஷெல் ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பாத்தில் முன்னால் இருக்கும் ஃபோல்டரில் புதுப் பதிப்பை வைத்த பிறகும் அதே ஜன்னலில் பழையது ஓடினால், ‘ஹாஷ் -ஆர்’ கொடுத்தால் அந்த நினைவு அழியும். விண்டோஸில் கணினிக்கான பாத் முன்னாலும், பயனருக்கான பாத் பின்னாலும் ஒட்டப்படுகின்றன. பயனர் பாத்தில் எவ்வளவு முன்னே வைத்தாலும், கணினி பாத்தில் உள்ள பழைய பதிப்பே வெல்லும்.

பைதானுக்கு விண்டோஸில் ‘பை’ என்ற துவக்கி இருக்கிறது. ‘பை -0’ நிறுவியிருக்கும் பதிப்புகளைப் பட்டியலிடும், ‘பை -3.11’ அந்தப் பதிப்பையே இயக்கும். பாத் வரிசையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதால் இதையே பழக்கிக்கொள்வது நல்லது.

லினக்ஸில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இயங்குதளத்தோடு வந்த ‘பைதான்3’ என்ற பெயர் ஒரு பதிப்பைச் சுட்டும் இணைப்பு, அதை வேறு பதிப்புக்குத் திருப்பாதீர்கள். உபுண்டுவின் சில கருவிகள் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அவை பயன்படுத்தும் ‘ஏபிடி_பிகேஜி’ என்ற மாட்யூல், அதாவது துணை நிரல், அந்தப் பைதான் பதிப்புக்காகவே கட்டப்பட்டது. இணைப்பைத் திருப்பினால் அந்த மாட்யூல் இல்லை என்ற பிழை வரும். மூலநிரலிலிருந்து கட்டுவதானால் கடைசிப் படியில் ‘மேக் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ கொடுங்கள். அது பைதான்3.11 போன்ற எண்ணுள்ள பெயரை மட்டும் வைக்கும், பொதுப் பெயரைத் தொடாது. கட்டுவதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு), இசட்லிப் (தரவைச் சுருக்க) ஆகிய நூலகங்களின் டெவலப்மென்ட் பொதிகளும் இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் விடுபட்டாலும் பைதான் கட்டி முடிந்துவிடும், ஆனால் ‘எஸ்எஸ்எல்’ மாட்யூல் இருக்காது. பைதான் பொதிகளை நிறுவும் கருவியான பிப் எதையும் பதிவிறக்க முடியாமல் திணறும்போதுதான் அது தெரியவரும்.

பிப்பைத் தனியாக அழைப்பதும் வம்பு. அது எந்தப் பைதானுக்குச் சொந்தம் என்பது பெயரில் தெரியாது. ‘பைதான்3.11 -எம் பிப்’ என்று அழைத்தால் பொதி எங்கே போகும் என்பதில் சந்தேகமே வராது. ஒவ்வொரு திட்டத்துக்கும் அதே முறையில் ஒரு ‘வென்வ்’, அதாவது தனிப் பைதான் சூழல், உருவாக்குங்கள். வென்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தக் கூடாது. உள்ளே இருக்கும் சிறு நிரல்களின் முதல் வரியில் பழைய முழுப் பாதை எழுதியிருக்கும். நகர்த்தினால் அவை இல்லாத இடத்தைத் தேடும். தேவைப்படும் பொதிகளின் பட்டியலை ஒரு கோப்பில் வைத்திருங்கள். அது இருந்தால் வென்வை அழித்துவிட்டு மறுபடி கட்டலாம்.

ஜாவாவில் பிழைச் செய்தியே விடை சொல்லும். தொகுத்த நிரல் இருக்கும் கிளாஸ் கோப்பின் பதிப்பு எண் 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17. பிழையில் 61 என்று வந்தால், 17இல் தொகுத்த நிரலைப் பழைய ஜாவாவில் ஓட்டுகிறீர்கள். டெபியன் வகை லினக்ஸில் ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ வழியாக மாற்றும்போது, இயக்கும் ‘ஜாவா’வும் தொகுக்கும் ‘ஜாவாசி’யும் தனித்தனித் தேர்வுகள். ஒன்றை மட்டும் மாற்றுவதால்தான் பலருக்கு இந்தக் குழப்பம். ஜாவா திட்டங்களைக் கட்டும் மேவன் போன்ற கருவிகள் ‘ஜாவா_ஹோம்’ மாறியைப் பார்ப்பதால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அமைப்புகளும் தரவும் பொதுவாக இருந்தால் சேதம் பெரிது. ஃபயர்ஃபாக்ஸ் 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி புரொஃபைல், அதாவது அமைப்புகளும் தரவும் இருக்கும் ஃபோல்டர், தருகிறது. புதிய பதிப்பு திறந்த புரொஃபைலைப் பழையது திறக்க மறுக்கும். அந்தத் தடையைத் தாண்டும் வழி இருந்தாலும் நாடாதீர்கள், புக்மார்க் உள்ளிட்ட தரவு கெடலாம். சோதனைக்காக வைத்த பழைய பதிப்பு தன்னையே புதுப்பித்துக்கொள்வதும் நடக்கும். நிறுவிய ஃபோல்டருக்குள் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற ஃபோல்டரில் ‘பாலிசிஸ்.ஜேசன்’ கோப்பை வைத்து, அதில் ‘டிஸ்ஏபிள்ஆப்அப்டேட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத அந்த உலாவியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்க வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நிதானம் தேவை. 14ஆம் பதிப்பு எழுதிய தரவு ஃபோல்டரில் 16ஆம் பதிப்பு இயங்கவே இயங்காது. டெபியனில் 14 இருக்கும்போது 16ஐ நிறுவினால், 16க்கு ஒரு காலித் தரவுத்தளம் உருவாகி அடுத்த போர்ட்டில், வழக்கமாக 5433இல், உட்காரும். உங்கள் தரவு 5432இல் 14இடமே இருக்கும். தரவு காணாமல் போய்விட்டது என்று பதறுபவர்கள் பெரும்பாலும் காலியான 16ஐத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ கட்டளை பதிப்பு, போர்ட், ஃபோல்டர் மூன்றையும் ஒரே வரியில் காட்டும்.

மாற்றுவதற்கு முன் காப்புப் பிரதி எடுங்கள். 16இன் ‘பிஜி_டம்ப்’ 14இலிருந்தும் எடுக்கும். 14இன் டம்ப் 16ஐத் தொட மறுத்துவிடும். பிறகு காலியாக உள்ள 16ஐ ‘பிஜி_டிராப்கிளஸ்டர்’ மூலம் நீக்கி, 14இன் தரவை 16க்குக் கொண்டுபோக ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்’ கொடுங்கள். முடிந்ததும் 16 பழைய போர்ட்டுக்கு வந்துவிடும், 14 நிறுத்தப்பட்டு அப்படியே இருக்கும். நீக்கும் கட்டளையில் எண்ணை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 16க்குப் பதில் 14 என்று விழுந்தால் போவது காலித் தரவுத்தளம் அல்ல, உங்கள் தரவு.