சிரட்டைச் சத்தம்

2016 ஆடி மாதம். தனுஷ்கோடி போகும் வழியில் மூன்றாம் சத்திரத்தில் யூனிட் வண்டிகளை நிறுத்திவிட்டு மணலில் ஓடும் டெம்போ வேனுக்கு மாறினோம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது அதற்கு அடுத்த வருஷம்தான். ஈர மணலிலும் தேங்கிய கடல்தண்ணீரிலும் வேன் குலுங்கிக் குலுங்கிப் போனது. கேமரா பெட்டியை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். ரெக்கார்டர் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கரையில் உப்புக் காற்றுக்கு ஒரு வாரம் போதும், மைக் கேபிளின் கனெக்டரில் பச்சை பூத்துவிடும். தினமும் ராத்திரி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைத்தால்தான் மறுநாள் வேலை நடக்கும்.

ஓர் அமானுஷ்யத் தொடருக்கு நான் லொக்கேஷன் சவுண்ட், ஷூட்டிங் நடக்கும் இடத்துச் சத்தத்தைப் பிடிப்பது என் வேலை. தொடரின் பெயரையும் சேனலின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஐம்பது எபிசோடைத் தொடுவதற்குள் நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ சீரியல்களில் வேலை பார்த்திருக்கிறேன், அவற்றில் பாதி ஞாபகத்தில் இல்லை. இதை மட்டும் ஒரு சத்தம்கூட மறக்கவில்லை.

முதலில் எழுதியிருந்த கதை எல்லோரும் எடுக்கும் கதைதான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில், ஊரை எட்டும் நேரத்தில் அலையில் போனது. பதிவுப்படி அதில் இருந்தது 115 பேர். சிக்னல் விழவில்லை என்று டிரைவர் நின்று, நீளமாக ஊதிப் பார்த்துவிட்டு நகர்ந்தார் என்று அங்கே இன்றும் சொல்வார்கள். அந்த ரயிலில் போன ஒருவன் ஆவியாகி வந்து பழிவாங்குவதாக ஸ்கிரிப்ட். முகத்துக்கு மேக்கப் டெஸ்ட்கூட எடுத்தாகிவிட்டது.

இரண்டாம் நாள், இடிந்த சர்ச் பக்கம் டிராலி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியம்மா வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கடல்பாசி எடுத்துவிட்டு வந்தவர், விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே டைரக்டரிடம் கேட்டார்: "எங்க ஆளுகளப் பேயாக் காட்டப் போறீகளா?"

டைரக்டர் ஏதோ சமாதானம் சொன்னார். பெரியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "எங்க அண்ணன் அந்தத் தண்ணியோட போனாக. உடம்பு கெடைக்கல. அவுக திரும்பி வந்தா ஏன் தம்பி பயமுறுத்தப் போறாக? குடிக்கத் தண்ணி கேப்பாக. உப்புத் தண்ணியக் குடிச்சில்ல போனாக."

அன்று ராமேஸ்வரம் லாட்ஜுக்குத் திரும்பியதும் டைரக்டர் யாரிடமும் பேசவில்லை. காலையில் கதை மாறியிருந்தது. தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயின்ட்ஸ்மேனான கணவனைப் புயலில் இழந்த ஒருத்தி, இடிந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருக்கிறாள். ராத்திரி அவள் படுத்த பிறகு வெளியே ஊத்தில் யாரோ தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது. காலையில் பார்த்தால் ஊத்துக்குப் பக்கத்து மணல் மட்டும் ஈரமாக இருக்கும். அவ்வளவுதான் பேய். முகம் கிடையாது, உருவம் கிடையாது. என்னைப் பார்த்து டைரக்டர் சொன்னார்: "இனிமே ஹீரோ உன் கையிலதான்."

தனுஷ்கோடி ஊத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் கடல் இருக்கும் மணல் திட்டில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு வாளியை விட்டால் கலங்கிவிடும், ஆழத்தைக் கிளறினால் கரித்துவிடும். அதனால் சிரட்டையைச் சாய்த்து, மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக மொள்ள வேண்டும். நடிகை மொண்ட சத்தம் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெரியம்மாவிடமே கேட்டேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மொண்டு காட்டினார். மைக்கை ஊத்தின் விளிம்பில் வைத்து ஹெட்போனில் கேட்டேன். முதலில் சிரட்டை விளிம்பு மணலில் உரசுகிறது. பிறகு தண்ணீர் உள்ளே நழுவும், அதற்குச் சத்தமே கிடையாது. பிறகு குடத்தின் வாயில் விழும் ஒரு சின்ன 'களக்'. அடுத்த சிரட்டைக்கு முன்னால் ஓர் இடைவெளி, தண்ணீர் ஊறுவதற்கு. பயம் அந்த இடைவெளியில்தான் இருந்தது. ஊறுகிற வரைக்கும் காத்திருக்கத் தெரிந்த ஏதோ ஒன்று இருட்டில் உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணமே போதும், முதுகு சில்லிட்டுவிடும்.

ராத்திரி காட்சிகளைத் தனுஷ்கோடியில் எடுக்க முடியாது, பொழுது சாய்ந்ததும் போலீஸ் ஆட்களைக் கிளப்பிவிடும். எங்கள் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரையில் செட் குடிசை போட்டோம். அங்கே சவுக்குத் தோப்பு. சவுக்கில் காற்று நுழைந்தால் 'ஸ்ஸ்' என்று ஓயாமல் இழுக்கும். தனுஷ்கோடி மொட்டை மணல், அங்கே அந்தச் சத்தம் வரவே கூடாது. போதாததற்கு அரியமானில் இருப்பது பாக் நீரிணைக் கடல் மட்டும். தனுஷ்கோடியில் இரண்டு கடல். அங்குள்ளவர்கள் வடக்கே அடங்கிக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே ஓங்கி அடிப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பகலில் அங்கே தனியாகப் பிடித்து வந்த சத்தத்தை ராத்திரி காட்சிக்கு அடியில் போட்டேன்: இடது காதுக்குப் பெண் கடல், வலது காதுக்கு ஆண் கடல், நடுவில் சிரட்டை.

நவம்பர் கடைசியில் விட்டுப்போன சில ஷாட்டுகளுக்காகத் திரும்பப் போனோம். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்த சமயம். பேட்டா கொடுக்கக்கூடச் சில்லறை இல்லாமல் புரொடக்ஷன் மேனேஜர் திண்டாடினார். ஹெட்போனை மாட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் இரண்டும் இடம் மாறியிருந்தன. வடக்கே இரைச்சல், தெற்கே அமைதி. சேனல்களை மாற்றிக் குத்திவிட்டேனோ என்று கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். வேன் ஓட்டிவந்த அண்ணன் சொன்னார்: "கச்சான் போயி வாடை எடுத்துருச்சுல்ல. வாடைக்கு வடகடல்தான் ஆடும். தெக்க கம்முனு கெடக்கும்." கச்சான் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. அந்தக் கரைக்கு ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்களுடையது பனங்காட்டு ஊர், கடல் திரும்பும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சில மாத இடைவெளியில் எடுத்த ஒரே காட்சியில் கடல் இடம் மாறினால் ஒட்டாது. டைரக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே வேன் படியில் உட்கார்ந்து எழுதினார்: காற்று திரும்பிய ராத்திரி சிரட்டைச் சத்தம் குடிசையின் மறுபக்கம் கேட்கிறது. இத்தனை நாளும் போகிற வழியில் தண்ணீர் குடித்தவன், இப்போது வீட்டுக்குத் திரும்புகிற வழியில் குடிக்கிறான். அவள் முதன்முறையாகக் கதவைத் திறக்கிறாள். அந்த எபிசோடை எடுத்தோம், மிக்ஸும் முடித்தேன். என் வேலையில் அதைவிட நல்லதை இன்னும் நான் செய்யவில்லை.

அது ஒளிபரப்பாகவில்லை. டிவியில் எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு அப்போது நாடு முழுக்கச் சுமார் 20,000 வீடுகளில் மீட்டர் வைத்திருந்தது. வியாழக்கிழமைதோறும் எண்கள் வரும். மூன்று வாரம் இறங்கியதும் சேனலிலிருந்து கேட்டார்கள், "பேய் எப்ப சார் வரும்? முகத்தக் காட்டுங்க." டைரக்டர் மறுத்தார். நேரத்தைப் பின்னிரவுக்குத் தள்ளினார்கள். டிசம்பரில் ஒரு போனோடு முடிந்தது. அவர்கள் சொன்னதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன்: குக்கர் விசிலுக்கும் பிள்ளைகள் பேச்சுக்கும் நடுவே டிவி ஸ்பீக்கரில் ஒரு சிரட்டை எங்கே கேட்கும்? அது நியாயமான கேள்விதான். பின்னிரவில் வீடு அடங்கிய பிறகு நிச்சயம் கேட்டிருக்கும், இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால். முகத்தைக் காட்டியிருந்தால் தொடர் பிழைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கரைக்கு எங்களால் மறுபடி போயிருக்க முடியாது.

2018இல் தனுஷ்கோடி போனேன், இந்தத் தடவை பஸ்ஸில், தார்ச்சாலையில். பெரியம்மா கீற்றுக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தொடரை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லை, எடுத்த காலத்தில் அங்கே கரன்ட் கிடையாது. ராமேஸ்வரத்தில் மகள் வீட்டில் ஒரு நாள் கொஞ்ச நேரம் பார்த்தாராம். "பேயக் காட்டுனீகளா?" என்றார். "இல்ல பெரியம்மா." அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போனில் வைத்திருந்த அந்த எபிசோடின் சத்தத்தை மட்டும் போட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். வலையைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் அசையவில்லை. "வாடைக்குப் பிடிச்சிருக்கீக," என்றார். பிறகு கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அவருடைய வலது கை மணலை நோக்கித் தாழ்ந்து, சாய்ந்து, நின்றது. ஊறுவதற்கான நேரம் விட்டு, மறுபடி தாழ்ந்தது.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"இன்னொரு தடவ போடு தம்பி."